செட்டிநாட்டுப் பணித்தளம் ஒன்றில் உண்மையும் பலனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சுவிசேஷ ஊழியர் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஓரிடத்தில் பணிசெய்த பின்னரும் ஞானஸ்நானம் பெற்றவர் என்று ஒருவரை மட்டுமே காட்ட முடிந்தது. அவரை அங்கேயே தொடர விடுவதா, வேறிடத்துக்கு மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தபோது, அவரை அனுப்பிய ஸ்தாபனத்தின் ஆலோசனைக் குழு கேட்டுக்கொண்டதன்பேரில் அவருடைய மாத அறிக்கைகளையும் கடிதங்களையும் படித்து, பணித்தளத்துக்குச் சென்று அங்குள்ளவர்களோடு பேசி இவ்வறிக்கையை எழுதினேன். ஊழியரும் அவர் பழகிய குடும்பங்களும் அடையாளம் காணப்படாதவாறு ஊர்ப்பெயரும் சில விவரங்களும் மறைக்கப்பட்டுள்ளன. இத்தகைய கேள்விகள் பெரும்பாலும் எழுத்தில் வராமலே ஓர் இடமாற்ற உத்தரவோடு முடிந்துவிடுகின்றன என்பதால், குழுவின் இசைவோடு பொதுவாசகர்க்கும் இதைத் தருகிறேன்.

பணித்தளம்

காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றியுள்ள பகுதிக்குக் கிறிஸ்தவம் புதிதன்று. தேவகோட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால், 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகல் நாட்டு இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டு உயிர்நீத்த ஓரியூர் இருக்கிறது. மருது சகோதரர்கள் கொடையளித்த சருகணி ஆலயம் இருக்கிறது. திருப்பத்தூரில் சுவீடன் நாட்டு மிஷனெரிமார் நடத்திய மருத்துவமனையில் பிறந்தவர்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆகவே 'இயேசுவைக் கேள்விப்படாத இடம்' என்று ஸ்தாபனத்தின் செய்தி மடல் இப்பகுதியைப் பற்றி எழுதியது தொடக்கத்திலேயே பிழையான படமாகும்.

கேள்விப்படாமை இங்கே தடையன்று. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகம் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களைச் சேர்ந்த பிரிவுகளாக வாழ்ந்துவருகிறது. ஒருவருக்குக் கல்யாணம் என்றால் அவரவர் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மணமான தம்பதி தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கோயிலில் பதிவாக வேண்டும். யார் பங்காளி, யாருக்கு யார் பெண் கொடுக்கலாம், இறப்பு வீட்டில் யார் முன்னிற்பது என்பதெல்லாம் இந்தப் பதிவின்மேல் நிற்கின்றன. ஒருவர் ஞானஸ்நானம் பெறுவது அவருடைய சொந்த மனத்தின் தீர்மானமாக மட்டும் இங்கே முடிவதில்லை. பேரன் பேத்திகளின் கல்யாணம்வரை அது போய்ச் சேருகிறது. இதை அறியாமல் இப்பகுதியின் 'பலனை' வேறொரு மாவட்டத்தின் பலனோடு ஒப்பிட்ட அறிக்கைகளை நான் கண்டேன்.

வீடுகளில் பெரும்பாலானவை பூட்டிக்கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் மாளிகையில் முதியவர் ஒருவரோ காவலாளோ மட்டும் வாழ்கிறார். இவர்களைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் போடுபவர்கள், கண்டாங்கி நெய்பவர்கள், கொத்தனார்கள், சமையற்கலைஞர்கள், பழம்பொருள் கடைக்காரர்கள் என்று மற்றோர் உலகம் இயங்குகிறது. ஊழியர் இவ்விரண்டில் எதனுள் எவ்வளவு போனார் என்பது இந்நிகழ்வில் முக்கியமானது.

நிகழ்ந்தது

ஊழியர் திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர்; நாற்பதை ஒட்டிய வயது. மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். ஸ்தாபனத்தைத் தாங்குவோர் பெரும்பாலும் கிராம சபையினர். தினமும் உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்து அதைக் காணிக்கையாகத் தரும் பெண்களும் அவர்களுள் உண்டு. தாம் கொடுத்தது என்ன ஆயிற்று என்று அறிய அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதை இவ்வாய்வு நெடுகிலும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

அந்த உரிமையை நிறைவேற்றுவதற்கு ஸ்தாபனம் கண்ட வழி மாத அறிக்கைப் படிவம். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், நடத்திய கூட்டங்கள், இயேசுவை ஏற்கத் தீர்மானம் எடுத்தோர், ஞானஸ்நானம் பெற்றோர் என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். எழுதுவதற்கு வேறு இடமில்லை; 'ஜெபக்குறிப்பு' என்று அடியில் இரண்டு கோடுகள் மட்டும்.

முதல் உரசல் ஒரு தை மாதத்தில் நேர்ந்தது. நகரத்தார் குன்றக்குடி வழியாகப் பழநிக்குக் காவடியோடு நடந்து செல்லும் பாதையில் நின்று கைப்பிரதி கொடுக்கும்படி மேற்பார்வையாளர் தொலைபேசியில் பணித்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்துவிடலாம், அந்தக் கட்டம் நிறையும் என்பது அவர் கருத்து. ஊழியர் மறுத்தார். "பிரதர், நேர்ச்சையோட நடந்துபோற மனுஷன்கிட்ட பாதிவழியில நின்னு கையில திணிக்கிறது சாட்சி ஆகாது. அவங்க ஊர் திரும்பினப்புறம் திண்ணையில உக்காந்து பேசுறேன்" என்று அவர் சொன்னதாக இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள். அம்மாத அறிக்கையில் கைப்பிரதிக் கட்டத்தில் சிறிய எண்ணே இருந்தது. மேற்பார்வையாளர் அதனருகே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

இதே காலத்தில் அடுத்த பணித்தளத்து ஊழியர் ஒருவரின் எண்கள் வேகமாக உயர்ந்தன. அவரைத் தாங்குவோர் கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்டினர். பின்னர் விசாரித்தபோது, மழைக்காலத்தில் நிவாரண அரிசி வழங்கிய கூட்டத்தில் கையுயர்த்தியவர்கள் அனைவரும் 'தீர்மானம் எடுத்தோர்' ஆகியிருந்ததும், ஒரே குடும்பங்கள் வெவ்வேறு மாதங்களில் மீண்டும் எண்ணப்பட்டிருந்ததும் தெரிந்தன. அவரைத் தண்டிக்கத்தக்க ஏமாற்றுக்காரராக நான் காணவில்லை. ஒவ்வொரு மாதமும் முந்திய மாதத்தைவிட அதிகமாக எழுதவேண்டிய நெருக்கடியில் ஒரு மனிதர் மெல்ல மெல்ல எங்கே வந்து சேர்வாரோ அங்கே அவர் வந்து சேர்ந்திருந்தார். கையுயர்த்திய மக்களுக்கு நேர்ந்ததே பெரிய கேடு. அரிசிக்கும் இயேசுவுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டுவிட்டது. இனி அவ்வூரில் அந்தச் செய்தியை யார் சொன்னாலும் கேட்பவர் அரிசிப் பையையே பார்ப்பார்.

மூன்றாவது நிகழ்வு ஓர் ஆச்சியைப் பற்றியது. எண்பதை நெருங்கும் வயதில், பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் தனியாக வாழ்பவர். ஊழியரின் மனைவி அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கிவரப் போன பழக்கம், நாளடைவில் மாலை நேரப் பேச்சாக வளர்ந்தது. தேவாரமும் திருவாசகமும் நன்கு தெரிந்தவர் என்பதால் அவர் கேட்ட கேள்விகள் எளியவை அல்ல. சிலுவையில் கடவுள் ஏன் கைவிட்டதுபோல் இருந்தார் என்று அவர் கேட்டதற்கு விடை தேட ஊழியர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். லூக்கா சுவிசேஷம் முழுவதையும் ஆச்சி வாசித்துக் கேட்டார். இரவில் படுக்கும்போது இயேசுவின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதாகவும் ஒருநாள் சொன்னார். அதன்பின் அவர் சொன்னதை ஊழியர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்:

"தம்பி, நீங்க சொன்னதெல்லாம் மனசுல இருக்கு. ஆனா எங்க கோயில் மாலை வராம எம் பேத்தி கல்யாணம் நடக்காது. என்னையக் கணக்குல எழுதிராதீக."

ஊழியர் எழுதவில்லை. கடிதத்தின் வழியே இதை அறிந்த மேற்பார்வையாளர், 'இரகசிய விசுவாசி' என்று ஒரு எண்ணைச் சேர்க்கும்படியும், செய்தி மடலுக்காக அந்த வீட்டின் முகப்பில் ஆச்சியோடு ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்டார். ஊழியர் இரண்டையும் மறுத்ததோடு, வெறுமனே கிடக்கும் பக்கத்து வீட்டைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கூட்டம் நடத்தத் தருவதாக ஆச்சி சொன்னதையும் ஏற்கவில்லை. தனித்திருக்கும் முதியவர் ஒருவரின் சொத்து, அவருடைய பிள்ளைகள் அறியாமல் சுவிசேஷத்தின் பேரால் கைமாறலாகாது என்பது அவர் காரணம். அவ்வாண்டின் இறுதியில்தான் அவரைப் 'பலனற்ற பணித்தளத்திலிருந்து' மாற்றலாமா என்ற குறிப்பு குழுவுக்கு வந்தது.

ஆய்வு

எண்ணுவது தவறு என்று தொடங்கினால் வேதமே எதிர்த்து நிற்கும். பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் எண்ணோடு எழுதுகிறது. நல்ல நிலத்தில் விழுந்த விதை முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தந்தது. ஆனால் அதே நடபடிகள் ஏதென்ஸில் சிலரே விசுவாசித்தார்கள் என்பதையும் தயக்கமின்றி எழுதுகிறது. அதனால் பவுல் அங்கே தோற்றார் என்று லூக்கா சொல்லவில்லை.

தீர்க்கதரிசிகளுள் இருவரை அருகருகே வைத்தால் காரியம் இன்னும் தெளிவாகிறது. இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லிவந்தும் நீங்கள் கேட்கவில்லை என்று எரேமியா 25ஆம் அதிகாரத்தில் தம் மக்களிடம் கூறுகிறார். யோனாவோ மனமில்லாமல் போய், ஒரே வாக்கியம் பிரசங்கித்து, ராஜாமுதல் மிருகங்கள்வரை நினிவே முழுவதும் இரட்டுடுத்தக் கண்டார். கண்டபின் கோபித்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தார். நமது படிவத்தில் இவ்விருவரையும் நிரப்பினால் யோனா மேடையேறுவார், எரேமியா இடமாற்றம் பெறுவார். படிவம் அளப்பது ஊழியரை அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் இதற்கு நேரான விடை உண்டு. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று சொன்னவர், அதே அதிகாரத்தில் ஒவ்வொருவனுடைய வேலைப்பாடும் எத்தன்மையுள்ளதென்று அக்கினியால் சோதிக்கப்படும் என்கிறார். அடுத்த அதிகாரத்தில், உக்கிராணக்காரன் (எஜமானின் பொருளுக்குப் பொறுப்பாளன்) உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவசியம் என்கிறார். விளைச்சல் நம் கையில் இல்லாததால் அதற்காக நாம் தீர்ப்புக்குட்படுவதில்லை. ஆனால் நட்ட விதத்துக்காக நிச்சயம் உட்படுவோம். பிறரால் தீர்ப்பிடப்படுவதைத் தாம் அற்பமாக எண்ணுவதாகவும் பவுல் அங்கே சொல்லுவதால், எந்தக் குழுவும் ஓர் ஊழியரின் உண்மையை முற்றாக அறிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. வெளியில் தெரிவதை மட்டுமே நாம் பார்க்கிறோம்.

ஊழியர் தம் படிவத்தைப் பற்றி ஆச்சியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஆச்சியின் தகப்பனார் 1942இல் ஜப்பானியர் வருமுன் பர்மாவில் கடை ஒன்றின் மேலாளாக இருந்தவர். அவர் கதையையே ஆச்சி ஊழியருக்குப் பதிலாகச் சொன்னார்; என்னிடமும் அதைச் சொன்னார்: "எங்க அப்பச்சி போன கடை யுத்தத்தோட போச்சு. வெறுங்கையோடதான் வந்தாக. முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பாத்தாக, ஒரு வரி பொய் இல்லை. அதுக்கப்புறமும் அவுகளைத்தான் பக்கத்துல வச்சிருந்தாக." செட்டிநாட்டு வணிகம் கடல் கடந்து வளர்ந்தது இந்த நம்பிக்கையின்மேல்தான். முதலாளி காரைக்குடியில் இருக்க, மூன்றாண்டுத் தவணையில் மேலாள் ரங்கூனிலோ பினாங்கிலோ பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். வந்த லாபத்தை முதலாளி கண்ணால் காணுமுன் பேரேட்டின் நேர்மையை நம்பினார். ஊழியரை அனுப்பும் ஸ்தாபனம் இந்த ஊரிடமிருந்தே கற்றுக்கொள்ளக்கூடிய முறை இது.

ஓரியூர் நிகழ்வை இங்கே கருதாமல் போக முடியாது. அருளானந்தருக்கு எண்ணிக்கைக் குறைவு இருந்ததில்லை. மறவர் நாட்டில் அவரிடம் திருமுழுக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கானோர். 1693இல் அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனது வேறொன்று. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபோடு தொடர்புடைய தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, மனைவியருள் ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அருளானந்தர் தளர்த்தவில்லை. விலக்கப்பட்டவருள் ஒருவர் அப்போதைய மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. செல்வாக்குள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்காக நிபந்தனையைச் சற்று மறைத்திருந்தால், அவர் உயிரும் தப்பியிருக்கும், அவரைச் சார்ந்தோரும் திரளாக வந்திருக்கக்கூடும். செய்தியைக் குறைத்துக் கூட்டத்தைக் கூட்ட அவர் மறுத்தார். அதே வேளையில், விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் துயரத்தைக் கணக்கில் எடுக்காமல் இதை வீரக்கதையாக மட்டும் சொல்லுவது நேர்மையாகாது என்றும் நான் கருதுகிறேன். உண்மையாயிருப்பதன் விலையைச் சில வேளைகளில் சொல்லுபவரைத் தவிர வேறு சிலரும் கொடுக்கிறார்கள். பேத்தியின் கல்யாணத்தை எண்ணிய ஆச்சியை அவசரப்படுத்தாத ஊழியர் இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

ஊழியருக்கு ஆதரவாகக் குழுவில் ஒருவர் அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனைக் குறிப்பிட்டார். பின்னாளில் செட்டியார்கள் வணிகம் செய்த ரங்கூனுக்கு 1813இல் வந்த ஜட்சன், முதல் பர்மியரான மௌங் நோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஆறு ஆண்டுகள் ஒருவருமில்லை. பிற்காலத்தில் கரேன் மக்களிடையே பெருந்திரளானோர் வந்தார்கள். இந்த எடுத்துக்காட்டு உண்மையே. ஆயினும் அதைப் பயன்படுத்திய விதம் எனக்கு உடன்பாடன்று. 'பொறுத்திருங்கள், பின்னால் பெருகும்' என்றால் வெற்றியே மறுபடியும் அளவுகோலாகிறது, தவணை மட்டும் நீட்டப்படுகிறது. பின்னால் யாருமே வராமல் போயிருந்தாலும் 1819க்கு முந்திய ஆறு ஆண்டுகள் வீணாகியிருக்கமாட்டா. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, 1719இல் தமது 36ஆம் வயதில் மறைந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு விட்டுச்சென்ற சபையும் சிறியதே.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தம் சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் கூறியது. அத்தீர்ப்பைப் பலர் குறை கூறியிருக்கிறார்கள். ஆனால் சொல்லுவது நம்முடையது, மனம் திரும்புவது கேட்பவருக்கும் கடவுளுக்கும் இடையிலானது என்ற வேறுபாட்டை நாமே முதலில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டியவர்கள்.

இதுவரை கூறியதனால் ஊழியர்மேல் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைகள் அவருடைய வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்த வேலைக்காரர்களுள் சிலர், 'ஐயா எங்ககிட்டயும் வந்து பேசுங்க' என்று இரண்டாம் ஆண்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு வரும்படி ஊழியர் பதில் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை அவர்களுக்கு வேலை நேரம். அவர்கள் வராததை ஆர்வக்குறைவு என்று எழுதிவிட்டு, மாலைகளில் பெரிய வீடுகளின் திண்ணைக்கே அவர் போய்க்கொண்டிருந்தார். படித்தவர்களோடு சைவ நூல்களையும் சுவிசேஷத்தையும் ஒப்பிட்டுப் பேசுவதில் அவருக்கு மனநிறைவு இருந்தது. இதை நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. 'விதைப்பது நம் வேலை, பலன் கர்த்தருடையது' என்று அவர் தம் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். விதையே போடாத நிலத்துக்கு இந்த வாக்கியம் பொருந்தாது. எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வரும் காவற்காரனிடம் எத்தனை பேர் தப்பினார்கள் என்று கேட்கப்படவில்லை; எக்காளம் ஊதினானா என்று கேட்கப்பட்டது. பட்டறைகளின் பக்கம் எக்காளம் கேட்கவில்லை.

இங்கேதான் எண்ணிக்கைக்கு அதற்குரிய இடம் இருப்பதாக நான் காண்கிறேன். ஞானஸ்நானம் ஒன்று என்பது ஊழியரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனால் ஏன் ஒன்று என்று விசாரிக்க அது காரணமாயிற்று, விசாரித்ததில் பட்டறைகள் தெரியவந்தன. மேற்பார்வையாளர் சிவப்பு மையில் போட்ட அந்தக் கேள்விக்குறியோடு ஒருநாள் நேரில் வந்து ஊழியரோடு தெருத்தெருவாக நடந்திருந்தால், இரண்டாண்டுகளுக்கு முன்பே இது திருத்தப்பட்டிருக்கும். நான்கு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடப் பணித்தளத்துக்கு வந்து இரவு தங்கியதில்லை.

பரிந்துரையும் முடிவும்

குழுவுக்கு மூன்று பரிந்துரைகள் அளித்தேன். முதலாவது, படிவத்தில் எண்களின் இடத்தைக் குறைத்து, யாரிடம் எதைச் சொன்னீர், அவர்கள் என்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை, யாரிடம் இன்னும் போகவில்லை என்று எழுதச் செய்வது. நிவாரணப் பொருளும் சுவிசேஷக் கூட்டமும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நடக்கக்கூடாது என்பதை விதியாக்குவது. இரண்டாவது, மேற்பார்வையாளர் ஆண்டுக்கு இருமுறையாவது பணித்தளத்தில் தங்குவதும், ஊழியர் வாரத்தில் மூன்று மாலைகளைப் பட்டறைத் தொழிலாளர்க்கு ஒதுக்குவதும். இவ்விரண்டும் ஏற்கப்பட்டன. ஊழியர் அதே இடத்தில் தொடர்கிறார். அவர் பட்டறைப் பக்கம் நடத்தும் மாலைக்கூட்டம் வேலை முடிந்து தொழிலாளர் குளித்துவரும் நேரத்தை அனுசரித்து நடக்கிறது.

மூன்றாவது பரிந்துரை, அடுத்த பணித்தளத்தில் எழுதப்பட்ட எண்கள் பிழையானவை என்பதைத் தாங்குவோர் அனைவருக்கும் செய்தி மடலிலேயே திறந்து எழுதவேண்டும் என்பது. காணிக்கை குறைந்துவிடும், அதனால் பிற ஊழியர்களின் சம்பளமும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் தடைப்படும் என்று குழுவில் பெரும்பான்மையோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் வெறும் சாக்கு அன்று. அக்குடும்பங்களை நான் அறிவேன். ஆயினும் கைப்பிடி அரிசி எடுத்துவைத்த பெண்களுக்கு நாம் கொடுத்த கணக்கில் பொய் இருந்தது என்பதை அவர்களிடம் சொல்லாமல், ஊழியர்களிடம் மட்டும் உண்மையை எதிர்பார்க்க முடியாது என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். அப்பரிந்துரை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.